தட்டுப்பாட்டுக் காலத்தில் கிறிஸ்துமஸ் சரக்கு: எதை, எவ்வளவு, எப்போது வாங்குவது?



திருவண்ணாமலையில் மளிகைக் கடை வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும், "எங்களுக்குக் கார்த்திகைதான் அறுவடை" என்பார்கள். உண்மைதான். ஆனால் நமது பருவம் தீபத்தோடு முடிந்துவிடுவதில்லை. தீபம் முடிந்த சில வாரங்களில் கிறிஸ்துமஸ், அதை ஒட்டி ஆங்கிலப் புத்தாண்டு, பின்பு பொங்கல் என்று தை பிறக்கும்வரை கல்லாவில் கை ஓயாது. ஆண்டு முழுவதும் ஏறிய நிலுவையை அடைப்பதும், அடுத்த ஆண்டுக்கு முதல் தேற்றுவதும் இந்த நாட்களில்தான்.

கோயில் ஊரில் கிறிஸ்துமஸ் வியாபாரம் பெரிதா என்று சிலர் கேட்கலாம். டேனிஷ் மிஷன் பள்ளி நம் ஊரில் எத்தனை தலைமுறையாக இருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். ஆற்காடு லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்த குடும்பங்களும் கத்தோலிக்கக் குடும்பங்களும் நகரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் ஏராளம். மைதாவும் வெல்லமும் டிசம்பர் மாதத்தில் எங்கே போகின்றன என்று சில்லறைக் கடைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இந்தப் பருவத்தில் நோய்ப் பயமும் சரக்குத் தட்டுப்பாடும் சேர்ந்து வந்தால் கொள்முதலை எப்படிச் செய்வது என்பதே இந்தக் கட்டுரை. 2020-ஆம் ஆண்டு நமக்கு அப்படி ஒரு பருவம் வாய்த்தது. அந்த ஆண்டில் நான் இரண்டு தவறுகள் செய்தேன். அவற்றை மறைக்காமல் எழுதுகிறேன். மற்றவர்களுக்குப் பயன்படட்டும்.

முதல் தவறு

2020 மார்ச் 24 மாலை தமிழகத்தில் 144 தடை உத்தரவு வந்தது. அன்று நள்ளிரவு முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. மளிகைக் கடைகள் திறக்கலாம் என்றார்கள். ஆனால் நேரம் படிப்படியாகச் சுருங்கியது. மார்ச் கடைசியில் காலை 6 மணி முதல் பிற்பகல் 2.30 வரை, ஏப்ரல் 5 முதல் பிற்பகல் 1 மணி வரை என்று ஆயிற்று. பருப்பு மில்களில் ஆள் இல்லை. லாரி இருந்தால் டிரைவர் இல்லை, டிரைவர் இருந்தால் மூட்டை தூக்க ஆள் இல்லை. சில நாட்களிலேயே துவரம் பருப்பு விலை ஏறியது.

இனிமேல் பருப்பே கிடைக்காது என்று நினைத்து, வெளியூர் மண்டி ஒன்றில் சொன்ன விலைக்கு நாற்பது மூட்டை எடுத்துப் போட்டேன். சரக்கு லாரிகள் தடையின்றி ஓடத் தொடங்கியதும் விலை இறங்கிவிட்டது. என் மூட்டைகள் அசல் விலைக்குக்கூடப் போகவில்லை. பருப்பு விளையாமல் போகவில்லை, வழியில் நின்றிருந்தது அவ்வளவுதான் என்பதை நான் யோசிக்கவில்லை.

இரண்டாவது தவறு

அந்த ஆண்டு கார்த்திகை தீபம் நவம்பர் 29. வெளியூர் பக்தர்களுக்கு அனுமதி இல்லை, கிரிவலம் இல்லை, சுவாமி புறப்பாடு கோயிலுக்குள்ளேயே நடந்தது. போதாக்குறைக்கு தீபத்துக்கு மூன்று நாள் முன்பு நிவர் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. 2,668 அடி உயர மலை உச்சியில் தீபம் வழக்கம்போல் எரிந்தது. கீழே தேரடித் தெருவில் நடக்க இடம் இருந்தது. தீப நாளில் அப்படி ஒரு தேரடித் தெருவை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை.

மார்ச் மாதத்தில் சூடுபட்டவன் என்பதால் தீபத்துக்குக் கால்பங்கு சரக்குதான் எடுத்திருந்தேன். தப்பித்தேன். அந்தத் தைரியத்தில், "தீபமே இப்படி என்றால் கிறிஸ்துமஸ் எங்கே நடக்கப்போகிறது?" என்று அதற்கும் கால்பங்கே எடுத்தேன். அங்கேதான் தவறினேன்.

டிசம்பர் 15-க்குப் பிறகு சில்லறைக் கடைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கிராமத்துக் கடைத் தம்பி ஒருவர், "ஐயா, மைதா இரண்டு மூட்டை, வெல்லம் ஒரு மூட்டையாவது கொடுங்க. வீட்டு வீட்டுக்குப் பலகாரம் சுடுறாங்க, என்கிட்ட ஒண்ணும் இல்ல" என்றார். என்னிடமும் இல்லை. டிசம்பர் 22-ஆம் தேதி என் கிடங்கில் மைதா தீர்ந்துவிட்டது. நாற்பது ஆண்டு வியாபாரத்தில் பண்டிகைக்கு மூன்று நாள் முன்பு "சரக்கு இல்லை" என்று வாடிக்கைக் கடைக்காரரைத் திருப்பி அனுப்பியது அதுவே முதல் முறை.

வெளியூர்ப் பண்டிகை, வீட்டுப் பண்டிகை

இதிலிருந்து நான் கற்றது ஒன்று. பண்டிகைகள் வியாபாரக் கணக்கில் இரண்டு வகைப்படும்.

தீபம் வெளியூர்ப் பண்டிகை. அதன் சரக்கை வாங்குகிறவர் பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறவர், அல்லது அவர்களுக்கு அன்னதானம் செய்கிறவர், விடுதியும் உணவுக் கடையும் நடத்துகிறவர். பஸ் நின்றால் அந்த வியாபாரம் அடியோடு நின்றுவிடும். நம் ஊரில் பௌர்ணமி வியாபாரமும் அவ்வாறே. கிரிவலத்துக்குத் தடை சுமார் இரண்டு ஆண்டுகள் நீடித்தபோது அதை அனுபவித்தோம். செங்கம் சாலையில் வெளிநாட்டுப் பயணிகளை நம்பி ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய், சீஸ் என்று வைத்திருந்த கடைகளும் அப்படியே. சுற்றுலா விசா 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, 2021 கடைசியில்தான் மீண்டும் வழங்கப்பட்டது. இடையில் ஒரு கிறிஸ்துமஸ் பருவம் முழுதாகப் போயிற்று.

கிறிஸ்துமஸ் வீட்டுப் பண்டிகை. பொங்கலும் அப்படியே. அதன் சரக்கு அடுப்படிக்குப் போவது. தேவாலயத்தில் கூட்டம் குறைக்கப்பட்டாலும், கேரல் பவனி நின்றாலும், வீட்டில் அதிரசமும் அச்சு முறுக்கும் கலகலாவும் சுடுவது நிற்காது. பேக்கரிக்குப் போகப் பயந்தவர்கள் வீட்டிலேயே கேக் செய்தார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்த்த பிள்ளைகள் ஊருக்கே திரும்பி வந்து வீட்டிலிருந்து வேலை செய்தார்கள். ஆக, வீட்டில் சாப்பிடும் வாய்கள் கூடித்தான் இருந்தன.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வாங்குகிறவர்களின் எண்ணிக்கை குறையவில்லை, ஒவ்வொருவரும் வாங்கிய அளவு குறைந்தது. இதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

எனவே கெட்ட ஆண்டில் கொள்முதல் செய்யும்முன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இந்தச் சரக்கைச் சாப்பிடப்போவது யார்? ஊராரா, வெளியூராரா?" என்பதே.

தட்டுப்பாடு மூன்று வகை

இரண்டாவது கேள்வி, "இந்தத் தட்டுப்பாடு எங்கிருந்து வருகிறது?" என்பது. தட்டுப்பாடு என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று விஷயங்கள் இருக்கின்றன.

1. வழித் தட்டுப்பாடு. பொருள் இருக்கிறது, வந்து சேரவில்லை. 2020 மார்ச், ஏப்ரல் மாதங்களில் பருப்புக்கு வந்தது இது. புயல், வெள்ளம், வேலைநிறுத்தம் எல்லாம் இந்த வகையே. 2024 டிசம்பர் முதல் வாரத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் நம் மலையிலேயே மண் சரிந்து ஏழு உயிர்கள் போயின. சுற்று வட்டாரத்தில் சாலைகள் துண்டிக்கப்பட்டுச் சரக்கு வரத்துத் தடைப்பட்டது. வழி திறந்தால் இந்த வகைத் தட்டுப்பாடு சில வாரங்களில் தீரும். ஆகவே உச்ச விலையில் மொத்தமாக வாங்கக்கூடாது. பத்து நாள் விற்பனைக்கு மட்டும் வாங்க வேண்டும்.

2. விளைச்சல் தட்டுப்பாடு. பொருளே குறைவு. 2020-இல் கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் பெய்த மழையில் வெங்காயப் பயிர் அழிந்தது. செப்டம்பர் 14-இல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது, இறக்குமதியும் நடந்தது. இது அடுத்த அறுவடைவரை தீராது. ஆனால் அறுவடை எப்போது என்பது தெரிந்த விஷயம். புது வெங்காயம் வரத் தொடங்கும் டிசம்பர் மாதத்தில், அக்டோபர் விலையில் வாங்கி அடுக்கி வைத்தவர் அழுகலையும் நட்டத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டியதுதான். கிறிஸ்துமஸ் பிரியாணிக்கு வெங்காயம் எவ்வளவு போனாலும் இரண்டு நாள் சரக்குக்கு மேல் வைக்காதீர்கள்.

3. உலகச் சந்தைத் தட்டுப்பாடு. நம் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. பாமாயில் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்தும், சூரியகாந்தி எண்ணெய் பெரும்பாலும் உக்ரைன், ரஷ்யா, அர்ஜென்டினாவிலிருந்தும் வருகின்றன. 2020 நவம்பர் 27-இல் மத்திய அரசு கச்சா பாமாயில் இறக்குமதி வரியை 37.5 சதவீதத்திலிருந்து 27.5 சதவீதமாகக் குறைத்தது. கிறிஸ்துமஸுக்குள் விலை இறங்கும் என்று பலர் காத்திருந்தோம். இறங்கவில்லை. அடுத்த மாதமே இந்தோனேசியா தன் ஏற்றுமதித் தீர்வையை உயர்த்திவிட்டது. 2021-இலும் எண்ணெய் விலை பெரும்பாலும் ஏறுமுகமாகவே இருந்தது.

இதைப் பார்த்து, "எண்ணெய் என்றால் ஏறத்தான் செய்யும்" என்று முடிவு கட்டியவர்களுக்கு 2022 பாடம் சொன்னது. பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியது. ஏப்ரல் 28 முதல் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைத் தடை செய்தது. மே 23-இல் தடையை நீக்கியது. அதற்குப் பிறகு விலை சரிந்த வேகத்தில், உச்சத்தில் டின் அடுக்கியவர்கள் திணறிப் போனார்கள். இந்த வகையில் ஏற்றமும் இறக்கமும் நம் கையிலும் இல்லை, கண்ணிலும் இல்லை. ஆகவே சூதாடாமல் விற்ற அளவுக்கே திரும்ப வாங்குவது ஒன்றே வழி.

வதந்தி என்னும் நான்காவது

2020 டிசம்பர் 21-இல், பிரிட்டனில் புதுவகைக் கிருமி பரவுவதால் அங்கிருந்து வரும் விமானங்கள் மறுநாள் நள்ளிரவு முதல் நிறுத்தப்படும் என்று அறிவித்தார்கள். உடனே நம் ஊரில், "கிறிஸ்துமஸ் அன்று மறுபடி ஊரடங்கு" என்று பேச்சுக் கிளம்பியது. மறுநாள் காலை வாடிக்கையாளர்கள் ஒரு மாதச் சாமானுக்கு வரிசையில் நின்றார்கள். ஊரடங்கு வரவில்லை.

வதந்தி வந்த நாளில் கடைக்காரர் செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, விலையைத் தொடக்கூடாது. இரண்டு, "வீட்டுக்கு இவ்வளவு" என்று அளவு வைத்துக் கொடுக்க வேண்டும். முதலில் வந்த பத்துப் பேர் மூட்டையாகக் கொண்டுபோனால், மாலையில் கூலி வாங்கிக்கொண்டு வருகிறவருக்கு ஒன்றும் இருக்காது. அவர்தான் ஆண்டு முழுவதும் நம்மிடம் வாங்குகிறவர்.

வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. 1918-இல் முதல் உலகப் போரின் கடைசியில் உணவு தானிய விலை தாறுமாறாக ஏறியது. செப்டம்பரில் சென்னையில் தானியக் கடைகளும் மண்டிகளும் சூறையாடப்பட்டன. அந்த ஆண்டின் கடைசி மாதங்களில்தான் விஷக் காய்ச்சல் என்னும் இன்ஃபுளுயென்சாவும் நாட்டை வாட்டியது. பசித்தவர்கள் பூட்டிய கிடங்கைப் பார்த்துவிட்டால், அதன்பிறகு வணிகன் சொல்லும் எந்தக் காரணமும் எடுபடாது.

மூன்று தவணையில் வாங்குங்கள்

கிறிஸ்துமஸ் சரக்கை ஒரே நாளில் எடுக்காமல் மூன்று தவணையாகப் பிரிப்பது என் இப்போதைய வழக்கம்.

முதல் தவணை, டிசம்பர் முதல் வாரம்: சர்க்கரை, முந்திரி, கிஸ்மிஸ், ஏலக்காய், பேக்கிங் பவுடர், டூட்டி ஃபுரூட்டி, மெழுகுவர்த்தி. இவை கெடாதவை, இடமும் அதிகம் அடைக்காதவை.

இரண்டாம் தவணை, டிசம்பர் 12 முதல் 15-க்குள்: மைதா, பச்சரிசி, உளுந்து, வெல்லம், எண்ணெய், வனஸ்பதி. அதிரசத்துக்கு மாவு பிசைந்து சில நாள் வைப்பார்கள் என்பதால் வெல்லமும் பச்சரிசியும் முன்னதாகவே கேட்பார்கள். மைதாவை இதற்கு முன்பே எடுத்தால் மழைக் காலத்தில் வண்டு விழும்.

மூன்றாம் தவணை, டிசம்பர் 20-க்குப் பிறகு: வெங்காயம், இஞ்சி, பூண்டு, வெண்ணெய், முட்டை, பிரியாணிக்குச் சீரக சம்பா. இரண்டாம் தவணையில் எது வேகமாகப் போயிற்றோ அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

எந்தச் சரக்கில் துணிந்து கொஞ்சம் கூட எடுக்கலாம் என்பதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. கிறிஸ்துமஸுக்கு மீந்தால் பொங்கலுக்குப் போகுமா என்று பாருங்கள். இடையில் இருப்பது இருபது நாள்தான். வெல்லம், பச்சரிசி, முந்திரி, கிஸ்மிஸ், ஏலக்காய் போகும். டூட்டி ஃபுரூட்டி, செர்ரி, எசென்ஸ், கேக் அச்சு போகாது. போகாத பொருளைக் குறைத்து எடுங்கள். தீர்ந்துவிட்டால் தீரட்டும்.

வட்டிக் கணக்கையும் மறக்கக்கூடாது. ஒரு டின் 1,600 ரூபாய் என்று 50 டின் எண்ணெய் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். முதல் 80,000 ரூபாய். மாதம் ஒன்றரை வட்டி என்றால் 1,200 ரூபாய், அதாவது டின்னுக்கு 24 ரூபாய். ஒரு மாதத்தில் டின்னுக்கு 24 ரூபாய் ஏறினால் நமக்கு லாபம் ஒன்றுமில்லை, கைக்கும் வாய்க்கும் சரி. நூறு ரூபாய் இறங்கினால் 5,000 ரூபாய் நட்டம், வட்டி வேறு. பதுக்கி வைத்துச் சம்பாதித்தவர் கதையைப் பத்துப் பேர் சொல்வார்கள். நட்டப்பட்டவர் வெளியில் சொல்வதில்லை.

சட்டத்தையும் பார்க்க வேண்டும்

1955-ஆம் ஆண்டு அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின்படி அரசு இருப்பு வரம்பு விதித்தால், மீறியவருக்கு ஏழு ஆண்டுகள்வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. 2020 செப்டம்பரில் இந்தச் சட்டத்தைத் திருத்தியபோது, "இனி எவ்வளவும் வைக்கலாம்" என்று நம்மில் பலர் எண்ணினோம். ஒரு மாதம்கூட ஆகவில்லை. அக்டோபர் 23-இல் வெங்காயத்துக்கு மொத்த வியாபாரிக்கு 25 டன், சில்லறை வியாபாரிக்கு 2 டன் என்று வரம்பு வந்தது. அந்தத் திருத்தமும் 2021-இல் திரும்பப் பெறப்பட்டது. 2021 ஜூலையில் பருப்பு வகைகளுக்குச் சில்லறை வியாபாரிக்கு 5 டன் என்றும், 2022 பிப்ரவரியில் சமையல் எண்ணெய்க்குச் சில்லறை வியாபாரிக்கு 30 குவிண்டால் என்றும் வரம்பு விதித்தார்கள். இந்த வரம்புகள் வரும், போகும். பருவத் தொடக்கத்தில் சங்க அலுவலகத்தில் ஒரு முறை விசாரித்துக்கொள்வது நல்லது. இருப்புப் பதிவேட்டை அன்றன்று எழுதுங்கள். பாக்கெட்டில் அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் எந்தக் காரணத்துக்காகவும் ஒரு ரூபாயும் வாங்காதீர்கள்.

சிறு பொட்டலத்தின் மதிப்பு

வாங்கிய அளவு குறைந்தது என்று முன்பு சொன்னேன் அல்லவா? 2020 டிசம்பரில் ஒரு நாள், எங்களிடம் வாங்கும் சில்லறைக் கடை ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். வயதான அம்மா ஒருவர் பழைய பட்டியலைக் கொண்டுவந்திருந்தார். சென்ற ஆண்டு எழுதியது. அதில் மைதா 5 கிலோவை அடித்து 1 கிலோ என்றும், எண்ணெய் 5 லிட்டரை அடித்து 1 லிட்டர் என்றும் திருத்தியிருந்தார். முந்திரி அரைக் கிலோவை அடித்துவிட்டு ஒன்றும் எழுதவில்லை. "முந்திரி வேணாமா அம்மா?" என்று கடைக்காரர் கேட்டார். "கால் கிலோவுக்குக் கொறைஞ்சு உங்ககிட்ட பாக்கெட் இல்லையே தம்பி" என்றார் அந்த அம்மா.

கடைக்காரர் உடனே பாக்கெட்டைப் பிரித்து ஐம்பது கிராம் நிறுத்துக் கொடுத்தார். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மறுநாள் அந்தக் கடையில் முந்திரி, கிஸ்மிஸ், ஏலக்காய் மூன்றையும் சிறு பொட்டலங்களாகக் கட்டித் தொங்கவிட்டார்கள். அரைக் கிலோ பாக்கெட் தேங்கிக் கிடந்த இடத்தில் பொட்டலங்கள் இரண்டு நாளில் தீர்ந்தன.

இதை அரசு நமக்கு முன்பே தெரிந்துவைத்திருந்தது. ரேஷன் கடையில் கொடுக்கும் பொங்கல் தொகுப்பில் முந்திரி 20 கிராம், திராட்சை 20 கிராம் இருந்தது நினைவிருக்கும். ஒரு வீட்டுப் பொங்கலுக்கு அது போதும். 2021 பொங்கலுக்கு அந்தத் தொகுப்போடு 2,500 ரூபாய் ரொக்கமும் ஜனவரி 4 முதல் கொடுத்தார்கள். கையில் பணம் வந்ததும் அந்தக் குடும்பங்கள் முதலில் போனது, டிசம்பரில் தங்களைக் கைவிடாத கடைக்குத்தான்.

கடனும் உடல்நலமும்

கெட்ட ஆண்டில் கடன் கேட்பார்கள். முழுதாக மறுப்பதும் தவறு, முழுதாகக் கொடுப்பதும் தவறு. பழைய நிலுவையில் ஒரு பங்கைக் கட்டச் சொல்லி, அடுப்படிச் சாமானுக்கு மட்டும் புதுக் கடன் கொடுங்கள். மொத்த வியாபாரிகளாகிய நாமும் சில்லறைக் கடைக்காரர்களிடம் அதே முறையைக் கடைப்பிடிக்க வேண்டும். நாம் கழுத்தைப் பிடித்தால் அவர் வாடிக்கையாளரின் கழுத்தைப் பிடிப்பார்.

நோய்க் காலத்தில் கடையைக் காப்பதும் கொள்முதலின் ஒரு பகுதிதான். 2020-இல் வணிகர் தினமான மே 5-ஆம் நாளிலேயே கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. அங்கு வேலை செய்து ஊர் திரும்பிய தொழிலாளர்கள் மூலம் விழுப்புரம், கடலூர், அரியலூர் மாவட்டங்களில் நோய் பரவியது. உணவு தானியச் சந்தை செப்டம்பர் 18-இல்தான் மீண்டும் திறந்தது. மூட்டை தூக்குகிறவருக்குக் காய்ச்சல் என்றால் கூலியோடு விடுப்புக் கொடுத்து அனுப்புங்கள். அந்தக் கூலி, கடை மூடிக் கிடக்கும் நட்டத்தில் நூற்றில் ஒரு பங்கு ஆகாது. முந்தின நாளே போனில் பட்டியல் வாங்கி, இரவில் கட்டி வைத்து, காலையில் கொடுக்கும் பழக்கம் அந்த ஆண்டில் வந்தது. நோய் போன பின்பும் பண்டிகை நெரிசலுக்கு அது நல்ல வழியாகவே இருக்கிறது.

முடிவாக

தட்டுப்பாடு வருவது நம் கையில் இல்லை. சாப்பிடப்போவது யார் என்று பார்த்து, தட்டுப்பாடு எங்கிருந்து வருகிறது என்று விசாரித்து, மூன்று தவணையாக வாங்கி, சிறு பொட்டலமாக விற்பது நம் கையில் இருக்கிறது. அந்த டிசம்பர் 22-இல் நான் வெறுங்கையோடு திருப்பி அனுப்பிய தம்பி, பொங்கலுக்கு வேறு மண்டியில் சரக்கு எடுத்தார். அவர் மீண்டும் என்னிடம் வர இரண்டு ஆண்டுகள் ஆயின. துவரம் பருப்பில் போன பணம் ஆறு மாதத்தில் வந்துவிட்டது.

வாழ்க வணிகம். வளர்க நமது ஒற்றுமை.